மிச்ச வெளிச்சம்

எங்கள் சந்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'ஐயர்', அவர் தலை மறைந்ததும் 'மினிமம் ஐயர்'. இரண்டாவது பேர் அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை எதிரே வந்த பால்காரன் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவர் நின்று, "என்ன, சொல்லு" என்றார். அவ்வளவுதான். கோபப்படுவதில் அவருக்கு லாபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கச்சேரி ரோட்டிலிருந்து கடல் பக்கம் பிரிகிற சந்து அது. பாதி வீடுகளில் மீன் வாசனை வரும், பாதி வீடுகளில் வராது. இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்க்காதது போலவே காலம் தள்ளின. நான் கல்யாணமாகி வந்த வீடு மீன் வாசனை வருகிற பாதியில் கடைசி. அவர் வீடு வராத பாதியில் முதல். ஆக, இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் எங்கள் வாசலும் அவர் வாசலும் எதிரும் புதிருமாக இருந்தன. அதனால்தான் அவரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியும். மற்றபடி அவர் என்னிடம் மொத்தமாகப் பேசிய வார்த்தைகள் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும்.

பாரிமுனைப் பக்கம் ஏதோ ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டதாம். பிள்ளை குட்டி இல்லை. அப்பா விட்டுப்போன சின்ன ஓட்டு வீடு ஒன்று, ஒரு கூடமும் ஒரு சமையலறையும். சமையலறையில் அவர் சமைத்து நான் பார்த்ததில்லை. குளத்தங்கரை மெஸ்ஸில் மாசச் சாப்பாடு. அங்கே சேருவதற்கு முன்னால், வேளைக்கு வேளை காசு கொடுத்துச் சாப்பிடுவது மேலா, மாசத்துக்கு மொத்தமாகக் கட்டுவது மேலா என்று ஒரு மாசம் அப்படியும் ஒரு மாசம் இப்படியும் சாப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார். முடிவு செய்த பிறகுதான் ஏகாதசி ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் பட்டினி. ஆனால் மெஸ்காரருக்குப் பணம் போய்விட்டது.

"நீங்க விரதம் இருக்கறதுக்கு நான் எப்படி ஓய் பொறுப்பு?" என்றாராம் மெஸ்காரர்.

அதுவும் நியாயம்தான் என்று ஐயர் ஒப்புக்கொண்டார். ஆனால் விட்டுவிடவில்லை. ஏகாதசிதோறும் மெஸ்ஸுக்குப் போய்த் தன் பங்குச் சாப்பாட்டை இலையில் கட்டி வாங்கி வந்து, எங்கள் பசுவுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவார். என் மாமனார் மரியாதைக்கு ஒரு உழக்குப் பால் அனுப்பினார். பால் அப்படியே திரும்பி வந்தது. "காசு குடுத்த சாப்பாடு வீணாகலை. அதோட சரியாப் போச்சு. இதுக்குப் பால் வாங்கிண்டா நான் உங்களுக்குக் கடன்படணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்கு அவரை முதலில் பிடிக்கவே இல்லை. புதுப்பெண்ணாக வந்த ஜோரில் எங்கள் முருங்கை மரத்திலிருந்து நாலு காய் பறித்து அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மெஸ்ஸில் சாப்பிடுகிறவருக்கு முருங்கைக்காய் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் நாலு எலுமிச்சம்பழம் வந்து சேர்ந்தது. அடுத்த தடவை ஆறு காய் அனுப்பினேன், ஆறு பழம் வந்தது. அண்டை அயலில் பண்டமாற்று நடத்த நான் வரவில்லை என்று எரிச்சலோடு அனுப்புவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கொடுப்பதும் அப்படித்தான். கோயில் உற்சவத்துக்கு வசூல் செய்ய வந்தவர்கள் அவர் வீட்டு வாசலில் நிற்பதையே விட்டுவிட்டார்கள். "தர்மம் பண்ற பழக்கம் எனக்குக் கிடையாது" என்று வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லுவார். குரலில் உஷ்ணமே இருக்காது. வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது என்று சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

டிராமில் மட்டும் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கொடுத்த காசுக்கு டிக்கெட்டு இன்னும் கொஞ்ச தூரம் செல்லும் என்றால், தன் இடம் வந்தாலும் இறங்க மாட்டார். கடைசி வரைக்கும் போய், அங்கிருந்து குடையை ஊன்றிக்கொண்டு நடந்து திரும்பி வருவார். மாம்பலத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போன அவருடைய தங்கை புருஷன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். காசு கொடுத்த பொருள் ஒன்று உபயோகப்படாமல் போவதை இவரால் தாங்க முடியாது. அதே சமயம், உபயோகமில்லாமல் ஒன்றைச் செலவழிப்பதையும் தாங்க முடியாது. அவருடைய உபத்திரவமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சந்துக்குக் கரண்டு வந்தது நான் வந்த மறு வருஷம். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பல்பு போட்டுக்கொண்டோம். அந்தி நேரத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டு, குத்துவிளக்குக்குச் செய்வது போலவே எல்லாரும் பல்பைப் பார்த்துக் கும்பிடுவார்கள். என் மாமியார் பல்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுவார். ஐயர் மட்டும் சுவிட்சைத் தட்டியதும் திரும்பி மீட்டரைப் பார்ப்பார். உள்ளே இருக்கிற தகடு சுற்ற ஆரம்பித்துவிட்டதா என்று பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

கரண்டுக் கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. யூனிட் நாலு அணா. ஆனால் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மாசத்துக்கு ஆறு யூனிட்டுக்குக் குறையாமல் பணம் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் மினிமம் என்று பேர். எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை. மாமனாருக்குத் தூக்கம் பிடிக்காது, பல்பு விடியும்வரை எரியும், பத்து யூனிட்டுக்குப் போய்விடும். ஒற்றைப் பல்புக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஐயர் எரித்தது இரண்டு யூனிட். கட்டியது ஆறுக்கு, ஒன்றரை ரூபாய்.

முதல் பில் வந்த அன்று அவர் வாசலில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. எழவு விழுந்த வீட்டில் வந்தவர்களை என்ன சொல்லி உட்காரவைப்பது என்று தெரியாமல் நிற்பவர் மாதிரி நின்றார்.

"அதுதான் கட்டியாச்சே, ராத்திரி பூரா எரியவிட்டா என்னங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எரியவிடலாம். யாருக்கு?" என்றார் ஐயர்.

"சும்மாதான்."

"சும்மா எரிச்சா அதுவும் நஷ்டம்தானே? கட்டினதும் போச்சு, எரிஞ்சதும் போச்சு."

மிச்சமாகிற யூனிட்டைக் கம்பெனிக்காரன் எடுத்து லஸ் பக்கத்துப் பெரிய பங்களாக்களுக்குக் கொடுத்துவிடுகிறான் என்று என் மாமியார் நிச்சயமாக நம்பினார். அப்படியில்லை என்று எடுத்துச் சொல்ல ஐயர் ஒருவரால்தான் முடியும். அவரிடம் யார் போய்க் கேட்பது?

அப்போதிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய், இந்த மாசம் என்ன எரிந்தது, என்ன கட்டினீர்கள் என்று விசாரிப்பார். சிறு குடும்பங்களுக்குத் தனி விகிதம் வேண்டும் என்று கம்பெனிக்கு மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவார். போட்டவர்களும் உண்டு, கதவைச் சாத்தியவர்களும் உண்டு. பதில் வராது. மறுபடியும் எழுதுவார்.

இந்த நிலைமையில்தான் அந்தோணியம்மா உள்ளே வருகிறாள்.

அந்தோணியம்மா சாந்தோம் குப்பத்துக்காரி. ஒன்று விட்டு ஒரு நாள் எங்கள் பின்கட்டுக்கு மீன் கொண்டுவருவாள். பின்கட்டு வழி சுற்று என்பதால், முன்வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவாள். அன்றைக்கு வாசலிலேயே கூடையை இறக்கிவிட்டு, என்னிடம் தன் மகளைப் பற்றி ஆரம்பித்தாள். பிலோமினா, ஒரே பெண். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பரீட்சையில் ஒரு தடவை தவறிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், தேறினால் டீச்சர் வேலைக்குப் படிக்கவைக்கிறோம் என்று மதர் சொல்லியிருந்தார்களாம்.

"இல்லாங்காட்டி இன்னா? அவங்க அத்தை மவன் கீறான், கட்டுமரத்துல போறவன். கட்டிக் குடுத்துட்டு அவளும் என்னாட்டம் கூடையைத் தூக்கிக்கினு அலையணும்" என்றாள். "பகல் பூரா எனக்குக் கூடமாட வேலை. பொழுது போனா வெளக்கு நிக்க மாட்டேங்குதும்மா. கடல் காத்து. சிம்னி கரி புடிச்சிக்கினு பொகையுது. கண்ணுல தண்ணி ஊத்திக்கினே படிக்குது."

எதிர் வாசலில் ஐயர் ஆபீசுக்குக் கிளம்பி நின்றிருந்தார். குடையைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் வாசல்வரை வந்தார். ஏகாதசிச் சாப்பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கும் தவிர அவர் சந்தைக் கடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"உன் பொண்ணு தினம் எவ்வளவு நேரம் படிக்கணும்?"

அந்தோணியம்மா என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு மணி, ரெண்டரை மணி படிப்பா சாமி. இன்னாத்துக்குக் கேக்கறே?"

அவர் மினிமத்தை விளக்க ஆரம்பித்தார். கம்பெனி, ஆறு யூனிட், தாம் எரிப்பது இரண்டு, மிச்சம் நாலு. எங்கள் சந்தில் படித்தவர்களுக்கே அவர் இதை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தோணியம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியும் சாமி. மார்க்கெட்டுல கூடை எறக்கறதுக்கு ஒரு காசு குடுக்கணும். வித்தாலும் குடுக்கணும், விக்காட்டியும் குடுக்கணும். மழைநாள்ல ஒரு மீனு போவாது, காசு மட்டும் புடுங்கிக்கினு பூடுவான். அதானே இது?"

"அதேதான்" என்றார் ஐயர். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை. தன் பாஷை பேசுகிற ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

அந்தோணியம்மா உடனே சம்மதிக்கவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "இந்தா சாமி, ஒண்ணு சொல்லிப்புடறேன். தர்மம்னா எங்களுக்கு வாணாம். ஒரு வாய் கஞ்சிகூட எவன்கிட்டயும் வாங்கினதில்லே. மிச்சம்னா அது வேற" என்றாள்.

"மிச்சம்தான். தர்மம் பண்ற பழக்கம் எனக்கு இல்லை" என்றார் அவர்.

இருவருக்கும் திருப்தி.

மறுநாள் அந்தியில் பிலோமினா வந்தாள். ஒடிசலான பெண், பதினெட்டு வயசிருக்கும், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே நடப்பாள். ஐயர் பல்பின் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த நடைபாதையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். கீழே ஒரு பெஞ்சு. சுவிட்சு தட்டியதும் அந்தப் பெண் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஐயர் மீட்டரைப் பார்த்தார். நான் எங்கள் வாசலில் நின்று இரண்டையும் பார்த்தேன்.

அவரைச் சீர்திருத்தக்காரர் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அவளை உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டதும் இல்லை. அவருக்கு அடுத்த வீட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். ஆசாரம் பார்க்கிறவர். அவர் வந்து சத்தம் போட்டார்.

"என்ன ஓய் இது, குப்பத்துப் பொண்ணைக் கொண்டுவந்து ஆத்துல வெச்சுண்டு!"

"ஆத்துல எங்கே இருக்கா? வெளிச்சம்தான் வெளியில போயிருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான்."

"உமக்குப் படிக்கணும்னா நீரும் வந்து உக்காரும். பெஞ்சுல இடம் காலியாத்தான் இருக்கு."

குமாஸ்தா அதற்கப்புறம் ஐயரோடு பேசவில்லை. தங்கை புருஷனும் மாம்பலத்திலிருந்து வருவதைக் குறைத்துக்கொண்டார். பேச்சு நின்றதில் ஐயருக்கு ஒரு நஷ்டமும் இல்லை போலிருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நடைபாதையில் சாரல் அடித்தது. ஒரு நாள் பார்க்கிறேன், பல்பு கூடத்துக்குத் திரும்பியிருக்கிறது. பெஞ்சும் கூடத்துக்குள் இருக்கிறது. பிலோமினா அதில் உட்கார்ந்து உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். கதவு ஜன்னலெல்லாம் விரியத் திறந்திருந்தது. அவர் சமையலறை வாசற்படியில், வெளிச்சம் எட்டாத இடத்தில் சுவரில் சாய்ந்திருந்தார். மழை விட்ட பிறகும் பெஞ்சு வெளியே போகவில்லை. அந்தப் பெண் பரீட்சை எழுதித் தேறினாள். மதர் வாக்குத் தவறவில்லை, இரண்டு வருஷ டிரெயினிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் அங்கே பாடம், அந்தியில் இங்கே பெஞ்சு.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி இறங்கி வந்தது. ஐயர் மகஜர் எழுதி எழுதித்தான் இறங்கியது என்று நான் சொல்ல மாட்டேன், ஊரில் எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். புது விகிதம் ஒன்று போட்டார்கள். மினிமம் கிடையாது. மீட்டர் வாடகை நாலு அணா. ஆனால் யூனிட் ஐந்து அணா. பழசு வேண்டுமா புதுசு வேண்டுமா என்று அவரவர் தீர்மானித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சந்தில் ஒரே குழப்பம். யூனிட் விலை ஏறுகிறதே என்று சிலர் பயந்தார்கள். மினிமம் போகிறதே என்று சிலர் சந்தோஷத்தில் குதித்தார்கள். கம்பெனி ஆள் வந்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவனுக்குப் பக்கத்தில் நின்றார். அவரை அவ்வளவு பேச்சாகப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"நாலு யூனிட்டுக்குக் கீழ எரிக்கற ஆத்துக்குப் புதுசு. மேல எரிக்கறவாளுக்குப் பழசு. சரியா நாலுன்னா எதுவானாலும் ஒண்ணுதான்."

எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர் ஆசையோடு புதுசுக்குப் பேனாவை எடுத்தார். ஐயர் தடுத்தார். "உங்களுக்கு வேண்டாம். உங்கப்பா விடிய விடிய விளக்கை அணைக்கறதில்லை. பழசுதான் மேல்" என்றார். என் மாமனார் உள்ளேயிருந்து இருமினார். யார் வீட்டில் யார் எத்தனை மணிவரை விழித்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பேச்சுவார்த்தை இல்லாத வக்கீல் குமாஸ்தா வீட்டு வாசலிலும் நின்று, கம்பெனி ஆளிடம் சொல்வது போல, "இந்த ஆத்துல மூணு யூனிட். புதுசு" என்றார். குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டே புதுசுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக அவர் வீடு. இரண்டு யூனிட் ஐயர், மினிமம் ஐயர். புதுசு இவருக்காகவே தைத்த சட்டை என்று நாங்களெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குப் பழசே இருக்கட்டும்" என்றார்.

கம்பெனி ஆள் தனக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டான்.

"பழசு. நான் ஃபேன் போடப் போறேன்."

சந்தே சிரித்தது. அந்த ஓட்டு வீட்டில், அந்த உத்தரத்தில், இவர் ஃபேன் போடுகிறாராம்! 'ஐயராத்து ஃபேன்' என்று அன்றைக்குப் பிறந்த வார்த்தை இரண்டு வருஷம் ஓடியது. கடன் வாங்கினவன் திருப்பித் தருவது எப்போது என்றால் ஐயராத்து ஃபேன் சுற்றுகிறபோது. தரகர் வரன் கொண்டுவருவது எப்போது என்றாலும் அதேதான்.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கணக்கில் அவருக்கும் கொஞ்சம் கிறுக்கு உண்டு. சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாள் ஓரத்தில் போட்டுப் பார்த்தார்.

"ஐயர் புதுசுக்குப் போனா, அவர் எரிக்கறதுக்கு வாடகையோட சேர்த்துப் பதினாலு அணா. பழசுல ஒன்றரை ரூபா. பத்து அணா தெண்டம். மனுஷனுக்கு மூளை குழம்பிடுச்சா?"

"அந்தப் பொண்ணு படிக்கறதையும் சேர்த்தீங்களா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அது ஒரு மூணு யூனிட் வரும். அதையும் சேர்த்தா அஞ்சு. புதுசுல ஒண்ணே முக்கால் ரூபாய்க்கும் மேல போயிடும்." பென்சில் நின்றது. "பழசுதான் மேல்."

ஐயர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எந்த வீட்டுக்கு எது மேல் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே கணக்குத்தான். அந்த வீட்டில் இரண்டு பேர் என்று போட்டிருந்தார், அவ்வளவுதான்.

எனக்கு அன்று அவர் மேல் ஏற்பட்ட மதிப்பை வெளியே சொல்ல வழியில்லை. முருங்கைக்காய் அனுப்பினால் எலுமிச்சம்பழம் வந்துவிடும்.

பயமெல்லாம் அந்தோணியம்மாவைப் பற்றித்தான். அவளுக்கு விஷயம் எட்ட எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரம்தான் ஆயிற்று. பின்கட்டில் உட்கார்ந்து வஞ்சிரத்தை அரிந்துகொண்டிருந்தவள், கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மா, கரண்டுல மினிமத்தை எடுத்துட்டாங்களாமே?"

"வேணும்கிறவங்களுக்கு எடுத்திருக்காங்க."

"அப்ப சாமி வூட்டுல மிச்சம் ஏது?"

நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் அந்தப் பெண்ணின் படிப்பு நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இது மிச்சமில்லை, தர்மம் என்று தெரிந்தால் இவள் மறுநாளே மகளை நிறுத்திவிடுவாள். டிரெயினிங் பாதியில் நிற்கும், அத்தை மகன் தயாராக இருக்கிறான்.

"அவர் பழசிலேயே இருக்கார். ஃபேன் போடப் போறாராம்" என்றேன்.

"ஃபேனா? அந்த வூட்லயா?"

"அப்படித்தான் சொல்றார்."

"இன்னும் போடலியே?"

"போடலை."

அவள் பலகை மேல் இருந்த மீனைப் புரட்டிப் போட்டாள். மார்க்கெட்டில் பத்துப் பேரை ஏய்க்கவும் பத்துப் பேரிடம் ஏமாறாமல் இருக்கவும் தெரிந்தவள். அந்த முகத்தில் என்ன ஓடியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப போடற வரைக்கும் மிச்சம் கீது" என்று சொல்லிவிட்டு மீனை அரிய ஆரம்பித்தாள்.

ஃபேன் வரவில்லை. வெய்யில் காலம் ஒன்று போயிற்று, இன்னொன்று வந்தது. கூடத்தில் அந்தப் பெண் படித்தாள். அவர் சமையலறைப் படியில் சாய்ந்து, மேல்துண்டால் விசிறிக்கொண்டார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், பிலோமினாவுக்குக் காய்ச்சல் என்று அவள் வரவில்லை. அன்றைக்கு ஐயர் வாசலுக்கு மூன்று தடவை வந்து கச்சேரி ரோட்டுப் பக்கம் பார்த்துவிட்டுப் போனார். பல்பு சும்மா எரிந்தது. அவர் அதை அணைக்கவில்லை.

பிலோமினா டிரெயினிங் முடித்தாள். அடையாற்றில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அங்கேயே தங்க இடமும் கொடுத்தார்கள். சேர்வதற்கு முதல் நாள் அந்தோணியம்மாவும் அவளும் சேர்ந்து வந்தார்கள். மீன் கூடை இல்லாமல் அந்தோணியம்மாவை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் குளித்து, கல்யாணப் புடவை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்தாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டு வாசலுக்குப் போனாள். நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

பிலோமினா குனிந்து கும்பிட்டாள். ஐயர் தலையை ஆட்டினார். மீட்டரைப் பார்க்கும்போது ஆட்டுவாரே, அதே மாதிரி.

"நாளையிலேர்ந்து பொண்ணு வராது சாமி, உன் மிச்சத்தை நீயே வெச்சிக்கோ" என்றாள் அந்தோணியம்மா.

"சரி."

"ஃபேனு போடப் போறேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறியாமே. இன்னா, போட்டியா?"

ஐயர் திரும்பி உள்ளே உத்தரத்தைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொன்ன ஒன்றையும் இழுத்துக்கொண்டு போகத் தெரியவில்லை.

அந்தோணியம்மா முந்தானையை விலக்கினாள். பனையோலை விசிறி. ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைத்துத் தைத்து, காம்பில் நூல் சுற்றியிருந்தது. தைத்தது அந்தப் பெண்ணாக இருக்க வேண்டும். அதை அவர் கையில் தராமல் வாசற்படியில் வைத்தாள்.

"இந்தா. ஃபேனு."

குரல் கேலியாகத்தான் ஆரம்பித்தது, முடிவு சரியாக வரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் பின்கட்டில் கத்தியை நிறுத்திய அந்தக் கணத்திலேயே தெரிந்திருக்கிறது. மகளுக்காக, வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கடல் பக்கம் நடந்தாள்.

ஐயர் குனிந்து விசிறியை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார்.

அடுத்த மாசமே கம்பெனிக்கு எழுதிப் போட்டுப் புது விகிதத்துக்கு மாறிவிட்டார். அதில் ஆச்சரியமில்லை. இரண்டு யூனிட் வீட்டுக்குப் புதுசுதான் மேல்.

நான் காத்திருந்தது வேறொன்றுக்கு. அந்தோணியம்மா ஒன்று விட்டு ஒரு நாள் எங்கள் பின்கட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். எலுமிச்சம்பழமோ, ஒரு முழம் துணியோ, விசிறிக்கு ஈடாக ஏதாவது ஒன்று அவர் கையிலிருந்து அவளுக்குப் போகும், பொழுது சாய்வதற்குள் போய்விடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் போகவில்லை, பிறகும் போகவில்லை. நாங்கள் அந்தச் சந்தை விட்டுப் போகிறவரை வெய்யில் காலத்தில் அவர் பல்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அந்த விசிறியால் விசிறிக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக அவர் யாருக்கும் எதையும் கொடுத்து நான் பார்க்கவில்லை.